இடது கை நாடி

சீனாவின் லான்ஜோ நகரத்து மருத்துவமனை ஒன்றில், தூக்கமில்லாதவர்களுக்கு மூலிகைக் கஷாயம் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மற்றவர்களுக்கு வெறும் கசப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது நாடி பார்க்கும் டாக்டர் ஷாங்குக்கும் தெரியாது.

சோதனைக்கு வந்த குவெய்லான் போன குளிர்காலத்தில் கணவனைப் பறிகொடுத்தவள். அவளுடைய வலது கையில் நாடி மெலிந்து, சீராக ஓடியது. இடது கையில் நாலைந்து துடிப்பு, ஒரு தயக்கம், பிறகு அவசரமாக இரண்டு. ஷாங்குக்கு அது பழகிய நாடி. இதய நோய்க்காக வருடக்கணக்கில் தன்னிடம் வந்துகொண்டிருந்த லுவோவின் நாடி. லுவோதான் குவெய்லானின் கணவர்.

ஈசிஜி எடுத்தார்கள். அதில் வலது கையின் துடிப்பு மட்டுமே இருந்தது.

"அவருதானே டாக்டர்?" என்றாள் குவெய்லான். "படுத்தா கன்னத்துக்கு அடியில இந்தக் கையத்தான் வெச்சுக்குவேன். பஸ்ஸத் தவறவிட்டவரு மாதிரி ஓடிக்கிட்டே இருப்பாரு. எங்க தூங்கறது?"

ஷாங் அந்த மாதத்துக் கஷாயப் பொட்டலங்களை எடுத்து வைத்தாள்.

"எனக்கு அந்த வெறும் தண்ணியவே குடுத்துடுங்களேன்."

"எது எதுன்னு எனக்கே தெரியாதும்மா. வேணாம்னா நிறுத்திடலாம்."

"நிறுத்தினா, வேலை பாக்கற நூடுல்ஸ் கடையில கொதிக்கிற பானைக்குள்ளயே தூங்கி விழுந்துடுவேன்." பொட்டலங்களை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் வந்தபோது அவள் கண்களுக்குக் கீழே இருந்த கருமை மறைந்திருந்தது. விடியும்வரை தூங்குகிறாளாம். இரண்டு கைகளிலும் ஒரே நாடி சீராக ஓடியது.

"நல்லா குணமாயிடுச்சும்மா," என்றாள் ஷாங்.

குவெய்லான் இடது கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாருங்க டாக்டர்."

எலும்பு தட்டுப்படும்வரை ஷாங் அழுத்தினாள்.