மூலையில் ஒரு பேர்

செவந்தி என்ற யானை துதிக்கையில் தூரிகையைப் பிடித்து, தாமரைக் குளம் ஒன்றை வரைந்து முடித்தது. பாகன் தணிகாசலம் பேனாவை எடுத்துப் படத்தின் மூலையில் தன் பேரை எழுதினார். வரைந்தது யார், பேர் யாருடையது என்றெல்லாம் பேனா ஒருநாளும் கேட்டதில்லை. எழுதச் சொன்னால் எழுதும், அவ்வளவுதான்.

பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். யானை மூலையை உற்றுப் பார்த்தது.

"பேனாண்ணே, இது என்ன?"

"படம் வரைஞ்சவங்க பேரு," என்று பேனா வாய்தவறிச் சொல்லிவிட்டது.

"என் பேரா! இவ்வளவு அழகாவா இருக்கு? ரொம்ப நன்றிண்ணே!"

பேனாவுக்கு மூடிக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் யானை இன்னொரு படம் வரைந்தது. மூலையில் மட்டும், தன் பேருக்காக ஒரு சாண் இடம் விட்டிருந்தது.