காந்தல்

"இன்னைக்கும் சோத்த அடிப்பிடிக்க விட்டுட்டியே, முத்துத்தாயி!" அறுப்பு ஆட்களுக்குப் பரிமாறிய பண்ணைக்காரி அழகம்மாள் சலித்துக்கொண்டாள்.

"நான் என்ன செய்ய ஆத்தா? அந்தக் காலத்து இரும்புக் கொப்பரை. தீயை எம்புட்டுக் கொறச்சாலும் பிடிச்சுக்கிருது." பழியைக் கொப்பரை மேல் போட்டாள் முத்துத்தாய்.

"அதுவும் சரிதான். நாளைக்குக் காலையிலயே சிம்மக்கல்லுக் கடையில பழைய இரும்புக்குப் போட்டுட்டு, பித்தளை அண்டா வாங்கிருவோம். இனிமே சோறும் தீயாது, சுரண்டுற பாடும் ஒனக்கு இல்ல."

முத்துத்தாய் கொப்பரையைச் சுரண்ட உட்கார்ந்தாள்.

அடியில் தீய்ந்து ஒட்டிய காந்தல், கொப்பரை கழுவுகிறவளுக்கே சொந்தம் என்பது அந்தப் பண்ணை வழக்கம். சுரண்டி முந்தானையில் முடிந்து வந்ததைக் குடிசையில் அவிழ்த்தாள். மூன்று பிள்ளைகளும் பாய்ந்து தின்றன.

"நாளைக்கு இன்னுங் கொஞ்சம் தீய விடும்மா," என்றாள் சின்னவள், விரலை நக்கியபடி.