ஒரு கடையைத் தவிர

நாகலெட்சுமியின் சாப்பாட்டுக் கடையைத் திறக்க விடாமல் செய்தவர் ஹோட்டல் சங்கத் தலைவர் பத்திநாதன். பகையாளி செய்திருந்தாலாவது மனசு ஆறும். சங்கத்துக்காகப் பேசக் கொழும்புக்குப் போன மனுஷன், சங்கத்தில் இருக்கும் ஒரு பொம்பளையின் வயிற்றில் அடித்துவிட்டு வந்திருக்கிறார். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

பெருமழையில் மண் சரிந்தபோது, மஸ்கெலியா ரோட்டில் மலையை ஒட்டிய ஹோட்டல், கடை எல்லாவற்றையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் சிவனொளிபாதமலை சீசனும் தொடங்கிவிட்டது. யாத்திரை பஸ்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.

பத்திநாதன்தான் கொழும்புக்குப் போய் அமைச்சில் நின்றார். "மலை கெட்டியா இருக்குங்க. சீசன் போச்சுன்னா நாங்க எந்திரிக்கவே மாட்டோம்" என்று அடித்துப் பேசினார். உத்தரவு தளர்ந்தது. எல்லாரும் திறந்தார்கள்.

நாகலெட்சுமியைத் தவிர.

"என்கிட்ட அழுது என்ன செய்ய? அந்தக் கடைய மட்டும் தெறக்க விடாதீங்கன்னு சொன்னதே ஒங்க தலைவர்தான்" என்றார், அவள் முறையிடப் போன பிரதேச சபை அதிகாரி.

நாகலெட்சுமி, மண்சரிவுக்குப் பயந்து வெளியேறியவர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூட முகாமுக்குத் திரும்பி மூலையில் உட்கார்ந்துவிட்டாள். கடைதான் அவர்களுக்கு வீடும். உலை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிற தாயும் மகளும்.

மகள் வினோதா விடவில்லை.

"பொறாமைம்மா. யாத்திரைக்கு வர்ற சனம் நம்ம ரொட்டியையும் சம்பலையும் தேடி வருது. அவரு ஹோட்டல்ல ஈ ஓட்டுறாரு. எந்திரி. மூஞ்சிக்கு நேரா கேப்போம்."

கடைக்குப் பின்னால் ஏறும் படிக்கட்டு, நேர் மேலே இருக்கும் பத்திநாதனின் ஹோட்டலில் போய் முடியும். பட்டப்பகல்தான். ஆனாலும் மூடுபனியில் அடுத்த படி தெரியவில்லை.

ஹோட்டலில் எல்லா விளக்கும் எரிந்தது. மேசைகளில் வெள்ளைத் துணி, கவிழ்த்த தட்டு, கண்ணாடிக் கிளாஸ். ஆள் ஒருவர் இல்லை. வேலைக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வெளியே, பனியில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

"என்னண்ணே, மொதலாளி வெளிய தொரத்திட்டாரா?" என்றாள் வினோதா.

"சும்மாதான் நிக்கிறோம், புள்ள" என்றான் பரிமாறும் செல்லசாமி. அவன் உள்ளே பார்க்கவே இல்லை.

உள்ளே போனார்கள். காற்று இல்லை. ஆனால் மேசை மேல் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மெதுவாக உரசிக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு வந்தது. நாகலெட்சுமியின் காலைத் தொட்டது. தாண்டி உருண்டு சுவரோரம் போய் நின்றது.

அடியில் யாரோ அம்மிக்கல்லை இழுப்பதுபோல் ஒரு சத்தம்.

பத்திநாதன் வந்தார். வரும்போதே சமையலறைக் கதவைச் சாத்தினார். அது தானாகத் திறந்தது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

திறந்த கதவு வழியே பின்வாசல் தெரிந்தது. சந்தனம் பூசிய ஒரு கல், அதன் முன்னால் ஒரு விளக்கு, புகையும் சுருட்டு.

"சர்ச்சுல மொத வரிசை ஐயா வீட்டுல முனியாண்டிக்கு சுருட்டா?" வினோதா சிரித்தாள்.

"செல்லசாமி வச்சது. முனி நடக்குதாம். சத்தம் கேக்குதாம்."

"கேக்குதே" என்றாள் நாகலெட்சுமி மெல்ல.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார் அவர், அவசரமாக.

"எங்களுக்கு எல்லாம் கேட்டுச்சு" என்று பிடித்துக்கொண்டாள் வினோதா. "நீங்க கொழும்புல பேசினதும் கேட்டுச்சு. எங்களுக்காகப் பேசத்தானே சங்கம்? ஒரு ரொட்டிக் கடை ஒங்களுக்குப் போட்டியா? மலை கெட்டியா இருக்குன்னு சொன்னது நீங்கதானே? ஒங்களுக்குன்னா கெட்டி, எங்களுக்குன்னா மட்டும் சேறா?"

மேசை விளிம்பிலிருந்து ஒரு கிளாஸ் நழுவியது. பத்திநாதன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைப் பிடித்து நடுவில் வைத்தார். பழகிப்போன கை.

"பதில் சொல்லுங்க மொதலாளி!"

நாகலெட்சுமி முன்னால் வந்தாள்.

"சின்னப் புள்ள, வாய் கொஞ்சம் அதிகம். மன்னிச்சிருங்க. இந்த சீசன் போச்சுன்னா இவளும் நானும் எங்க போவோம்? முகாமையும் மூடப் போறாங்களாம். நான் என்ன தப்பு செஞ்சேன்? கால்ல விழுறேன்."

குனிந்தவளின் கையைப் பிடித்து நிறுத்தினார். பத்திநாதனின் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

அந்த நேரம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மலை ஏறப் போகிற குடும்பம். குல்லா போட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். பத்திநாதனின் முகத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

"வாங்க, வாங்க! சோறு சுடச்சுட இருக்கு. முன் மேசையில ஒக்காருங்க, பின்னால வேணாம்."

வாசலில் நின்ற செல்லசாமி உள்ளே வந்து, தட்டுகளை நிமிர்த்தினான்.

"பாரும்மா" என்றாள் வினோதா. "இவரு விக்கலாம். நாம விக்கக் கூடாது. ஏன் மொதலாளி? எங்கள மட்டும் ஏன்?"

பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மாறாமலே, அவர்களுக்குக் கேட்காத குரலில் பத்திநாதன் சொன்னார்:

"இவங்க தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க, நாகலெட்சுமி. நீங்க கடையிலேயே தூங்குவீங்க. என் ஹோட்டல் சரியிற அன்னைக்கு, ஒங்க கூரை மேலதான் வந்து விழும்."