வெறும் வயிறு

"யப்பா, ஒரு ஊசி ரத்தம் குடுக்க இம்புட்டு வீம்பா?" சந்தனச்செல்வி கத்தினாள்.

"ஏளா, நாலெழுத்து படிச்சிட்டா அப்பனுக்கே சீக்கு கண்டுபிடிப்பியோ?" வயலுக்குக் கிளம்பிய இசக்கியப்பன் மண்வெட்டியைத் தோளில் போட்டார்.

"எனக்கும்தான் இருக்கு. ரத்தத்துல கொழுப்பு கூடுதல். மரபணுக் கோளாறுன்னு சோதிச்சே சொல்லிட்டாங்க. பரம்பரையா வாரது. பெரியப்பா ரெண்டு பேரும் அம்பது தாண்டாம நெஞ்சப் பிடிச்சிட்டு விழுந்தாங்கல்லா?"

"அது இசக்கியம்மன் கோவம்."

"அம்மனுக்கு வேற வேலை இல்ல பாருங்க! நாளைக்கே தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. காலையில காப்பித்தண்ணிகூடக் கூடாது. வெறும் வயிறு!"

தெருவுக்கே கேட்டது. காபியோடு வந்த அம்மா செல்லக்கிளி, "பிள்ள சொல்லுதத கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

"ஒனக்கென்ன தெரியும்? உள்ள போ," என்றார் இசக்கியப்பன். "அந்த அம்மனே வந்து சொல்லட்டும், போறேன்."

செவ்வாய்க்கிழமை இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா. மேளம் உச்சத்துக்கு ஏற, வேப்பிலையோடு ஆடி வந்த அம்மன் இசக்கியப்பன் முன்னால் நின்றாள்.

"ஏலே இசக்கி! ஒன் அண்ணன்மார நான் கொல்லலைலே. ஒங்க ரத்தம் கொன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போ!"

பெண்கள் குலவையிட்டார்கள். இசக்கியப்பன் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "போறேன் தாயே!"

"வெறும் வயித்தோட போ!"

போனார். அந்த வாரமே முடிவு வந்தது.

"மகளுக்கு இருக்கிற அதே கோளாறுதான்," என்றார் டாக்டர். "நல்லவேளை, இதயம் இன்னும் கெடலை. மாத்திரையை விடாம போடுங்க, பயமில்லை."

பஸ்ஸில் அப்பா நிம்மதியாகக் குறட்டை விட்டார். செல்விக்குத்தான் அழுகை முட்டியது.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைக் கண்ணில் ஒற்றி விழுங்கினார். "எல்லாம் அம்மன் செயல்."

செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுக்களைக்குள் போனாள்.

"ஏம்மா, வெறும் வயித்தோட போகணும்னு அம்மனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீ கத்துன கத்து கோயில் வரைக்கும்லா கேட்டிச்சு."

கொடையில் ஆடி வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே செல்லக்கிளி சொன்னாள்: "வருசத்துல அந்த ஒரு நாள்தாம்ளா ஒங்கப்பா நான் சொன்னா கேப்பாரு."