ஒரே ஒரு வாசகர்

"இது தேறாது. எடுத்துட்டுப் போ."

கத்தரிக்கோல் மேடம், எதிரே நின்ற மாணவியின் கட்டுரையைத் தூக்கி மேசைமேல் போட்டார். எங்கள் கல்லூரியில் மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளுக்கென்றே ஓர் இதழ் உண்டு. அதற்கு அவர்தான் ஆசிரியர். பட்டப்பெயர் பிள்ளைகள் வைத்தது, சும்மா வைக்கவில்லை.

"மேடம், ரெண்டு வருஷமா வீடு வீடா ஏறி இறங்கியிருக்கேன். ஈரச் சுவர் இருக்கிற வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் இருமல் விடாம வருது. என் தம்பிக்கும் அப்படித்தான். இது அச்சுல வந்தாத்தான் மேல்படிப்புக்கு நான் விண்ணப்பமே போட முடியும்."

"தேறாதுன்னா தேறாது. இங்கே வேற யார்கிட்டயும் காட்டி மானத்தை வாங்காதே."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து மேசையில் இருந்த நான் இதழின் துணை ஆசிரியை. அந்தக் கட்டுரையை நானும் படித்திருந்தேன். ஒரு கல்லூரிப் பிள்ளை எழுதியது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பின்னாலேயே ஓடி, வராந்தாவில் அவளைப் பிடித்தேன்.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? நேரா துறைத் தலைவர் ரூமுக்குப் போ. இந்த இதழை ஒரு வரி விடாம படிக்கிற ஒரே ஆள் அவர்தான். நிர்வாகம் இதை மூடப் பார்த்தப்போ சண்டை போட்டுக் காப்பாத்தினவர். நான் அனுப்பினேன்னு சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் திரும்பி வந்து மேடத்திடம் பாய்ந்தேன்.

"உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? அச்சுக்குப் போறதெல்லாம் குப்பை. நல்லதா ஒண்ணு வந்தா மட்டும் திருப்பிக் குடுக்கறீங்க!"

"ஆமா. நல்லதாப் பார்த்துத்தான் திருப்பிக் குடுக்கறேன்."

"என்ன சொல்றீங்க?"

"போன வருஷம் கிணத்துத் தண்ணியைப் பத்தி ஒரு பையன் எழுதினானே, ஞாபகம் இருக்கா? ஆசை ஆசையா அச்சடிச்சேன். கொஞ்ச நாள்ல அதே கணக்கு, அதே வரைபடம், வெளிநாட்டு இதழ்ல வந்துச்சு. நம்ம துறைத் தலைவர் பேர்ல. அந்தப் பையன் மேல்படிப்பு நேர்காணலுக்குப் போனா, 'உங்க சாரோடதையே காப்பியடிச்சிருக்கியே'ன்னு துரத்திவிட்டுட்டாங்க."

"அடப்பாவி! நம்ம இதழ்தானே முதல்ல வந்தது? அதைக் காட்ட வேண்டியதுதானே?"

"நிர்வாகத்துக்கிட்ட காட்டினேனே. மாணவர் இதழெல்லாம் ஓர் ஆதாரமான்னு சிரிச்சாங்க. இன்னொரு தடவை வாயைத் திறந்தா வேலை இருக்காதுன்னாங்க. அவன் படிப்பையே விட்டுட்டான்."

மேடம் மேசைமேல் கிடந்த பழைய இதழ் ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

"நம்ம இதழை யாருமே படிக்கிறதில்லைன்னு எல்லாரும் குறை சொல்றாங்க. யாருமே படிக்காம இருந்தாக்கூடத் தேவலையே! இந்தப் பொண்ணு என்னைத் திட்டினா திட்டட்டும். அவ உழைப்பாவது அவகிட்டயே இருக்கும்."

விழுந்தடித்து வராந்தாவுக்கு ஓடினேன்.

அவளே எதிரே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் உங்க புண்ணியம் மேடம்! சார் அப்படிப் பாராட்டினார். வீடு வீடா எடுத்த கணக்கு மொத்தத்தையும் கேட்டார். பென்டிரைவோட அப்படியே குடுத்துட்டேன். இந்த உதவியைச் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்!"