திரையில் தெரிந்த கை

"என்ன அண்ணி, டீயில உப்பைப் போட்டுட்டீங்களா?"

கொழுந்தன் கேட்டதும் அவளுக்குப் பக்கென்றது. கேட்டது டீயைப் பற்றித்தான். ஆனாலும் நேற்று சாயங்காலத்திலிருந்து அவன் வாயைத் திறந்தாலே அவளுக்குப் பயம்தான்.

வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. மனசில் ஒரு விஷயம் தங்காது. அவள் ஒரு தட்டை உடைத்தால், சத்தம் அடங்குவதற்குள் அண்ணன் காதுக்குச் செய்தி போய்விடும்.

இப்போது அவனிடம் சிக்கியிருப்பது தட்டு சமாசாரம் இல்லை.

இரண்டு பேரும் ஒரே பயிற்சி மையத்தில் பேட்டரி ஸ்கூட்டர் ரிப்பேர் படிக்கிறார்கள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அங்கே ஒவ்வொரு மேஜைக்கு மேலேயும் ஒரு டேப்லெட் தொங்கும். செய்கிற வேலை முழுக்க அதில் பதிவாகும், தப்பு செய்தால் கீச்சென்று கத்தும். மறுநாள் காலையில் மாஸ்டர் அந்தத் தப்பைப் பெரிய திரையில் போட்டு எல்லாருக்கும் பாடம் நடத்துவார். முகம் தெரியாது, கை மட்டும்தான். அதனால் என்ன? வளையல் போட்ட கை வகுப்பில் வேறு யாருக்கு இருக்கிறது?

வீடியோவை வெட்டித் தொகுக்கிற வேலை கொழுந்தனுடையது. அவன் கொடுப்பதைத்தான் மாஸ்டர் போடுவார்.

நேற்று அவள் செய்தது சின்னத் தப்பில்லை. ரப்பர் கையுறை ஆம்பளைக் கைக்கு அளவெடுத்தது. அவள் விரலில் தொளதொளவென்று ஆடியது. திருகு பிடிபடவே இல்லை. சேச்சே என்று கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் ஸ்பேனரைப் பிடித்தாள். முழு சார்ஜில் இருந்த பேட்டரி! போதாக்குறைக்கு ஸ்பேனரை அதன் மேலேயே வைத்துவிட்டு அடுத்த திருகைத் தேடினாள். அந்த இரும்பு இன்னும் கொஞ்சம் நகர்ந்து இரண்டு முனையையும் தொட்டிருந்தால் நெருப்புதான்.

டேப்லெட் கத்தியது. பக்கத்து மேஜையிலிருந்து கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். வகுப்பு முடிந்ததும் அவளிடம் வந்தான்.

"நீங்க போங்க அண்ணி. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு" என்று அங்கேயே தங்கிவிட்டான்.

என்ன வேலை? வீடியோ வேலைதான், வேறென்ன!

வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். அவர் அவளைப் படிக்க அனுப்பியதே அரை மனசாகத்தான். "கரண்டு விளையாட்டுச் சாமான் இல்ல. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னு காதுல விழுந்துதோ, அன்னிக்கே நிறுத்திடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். துணிக்கடை வேலை போனதிலிருந்து அவள் ஏறாத படியில்லை. அடுத்த வாரம் ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள். அதுவரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும்.

"டேய், உங்க அண்ணி எப்படிடா படிக்கிறா?" என்றார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கொழுந்தன் அவளை ஒரு பார்வை பார்த்தான். "இன்னிக்கு கிளாஸ் முடியட்டும்ணே. வந்து சொல்றேன்."

பாவி! ஊரைக் கூட்டிவிட்டு வந்து சொல்வானாம்.

போகும் வழியில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, "தம்பி, நேத்து..." என்று ஆரம்பித்தாள்.

"ஹெல்மெட்டைச் சரியா மாட்டுங்க அண்ணி" என்றான். அவள் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டாள்.

வகுப்பில் விளக்கை அணைத்தார்கள். திரை வெளிச்சமானது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பாருங்கய்யா இந்த அதிமேதாவியை!" மாஸ்டரின் குரல் கூரையில் போய் இடித்தது. "கையுறை எங்க? தூக்கிப் போட்டாச்சு. வெறுங்கை! ஸ்பேனரை எங்க வைக்கிறாங்க பாருங்க. மேல! பேட்டரி மேலயே!"

செத்தோம், என்று நினைத்தாள். எல்லாம் முடிந்தது.

"உள்ள பேட்டரி இல்லாத காலிப் பெட்டி. அதனால தப்பிச்சுது. சார்ஜ் இருந்திருந்தா ஆளைப் பெருக்கித்தான் அள்ளியிருக்கணும்."

காலிப் பெட்டியா?

கண்ணைத் திறந்தாள். அதே மேஜை. அதே மாதிரி எறிந்து கிடக்கிற கையுறை. ஆனால் திரையில் ஸ்பேனரைப் பிடித்திருந்த கையில் வளையல் இல்லை. முழங்கை வரைக்கும் கருகருவென்று ரோமம்.

"யாருய்யா இது? எழுந்திரு!"

கொழுந்தன் எழுந்தான். "நான்தான் சார்."

"வீடியோ வெட்டுற உனக்கே இந்த லட்சணமா? இந்த வாரம் முழுக்க நீ ஸ்பேனரைத் தொடக் கூடாது. ஓரமா நின்னு வேடிக்கை பாரு!"

வகுப்பே சிரித்தது. அவளோ பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டாள். "சார், அது வந்து..."

"சிபாரிசெல்லாம் வேணாம் அண்ணி, உட்காருங்க" என்று குறுக்கே விழுந்தான் கொழுந்தன். "தப்பு தப்புதான்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். விளக்கு எரிந்ததும் அவன் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் மடியில் வைத்தான். புது ரப்பர் கையுறை. சின்ன சைஸ்.

"தேடி அலைஞ்சு வாங்கினேன். இதைக் கழட்டினீங்கன்னா அண்ணன்கிட்ட இல்ல, நேரா மாஸ்டர்கிட்டயே சொல்லிடுவேன்" என்றான் மெதுவாக.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் வகுப்புக்கே கேட்கிற மாதிரி சத்தமாகக் கெஞ்சினான்:

"அண்ணி, நான் பண்ணின இந்தக் கூத்தை வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க!"