சின்னமுத்து காட்டாத பிலிம்

“பிலிமைக் காட்டு! இல்லைன்னா கள்ளப் படம்னு ஒத்துக்கிட்டு எறக்கு!”

சந்தனம் போட்ட சத்தத்தில் எஸ்டேட் கிளப்பே திரும்பிப் பார்த்தது. சந்தனம் எங்கள் தேயிலை பாக்டரி எலக்ட்ரீசியன். ஊருக்கெல்லாம் பியூஸ் போடுவான், அவன் வாய்க்கு மட்டும் கிடையாது.

எதிரே நின்றவன் சின்னமுத்து. சித்திரபுரம் பஜாரில் என் தையல் கடைக்கு அடுத்த ரூம்தான் அவன் ஸ்டூடியோ. எழுபத்தாறு மார்ச்சில் விடியக்காலம் கிழக்கே ஒரு வால்நட்சத்திரம் தெரிந்ததே, அதை ஸ்கூல் மேட்டிலிருந்து படம் பிடித்து எஸ்டேட் கண்காட்சிக்கு வைத்திருந்தான்.

அடேயப்பா, என்ன படம்! கன்னங்கரேல் என்று வானம், நடுவில் விசிறியாய் விரிந்த வால். கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றார்கள்.

ஜெயிக்கிறவனுக்கு எஸ்டேட் போட்டோகிராபர் வேலை என்று மேனேஜர் துரை சொல்லியிருந்தார். அந்த வேலைக்காகச் சின்னமுத்து மூன்று வருஷமாக ஆபீஸுக்கு நடையாய் நடக்கிறான்.

“துரை, நீங்களே பாருங்க.” சந்தனம் படத்தின் கீழ் ஓரத்தில் விரலை வைத்தான். “ஸ்கூல் மேட்டுல நின்னு கெழக்க பாத்தா, நம்ம பாக்டரி லைட்டு பாதி வானத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி நிக்கும். தெனம் நாலு மணிக்கு நான்தான சுவிச்சைப் போடுதேன்! இதுல அந்த வெளிச்சம் எங்க? ஏதோ புஸ்தகத்துல சுட்ட படம் இது!”

“வெளிச்சம் இருந்துச்சுண்ணே. நான்தான் எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டியா? எதை வச்சு, வெளக்கமாத்த வச்சா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சின்னமுத்து கோபப்படாமல் சொன்னான். இருட்டறையில் பேப்பர் மேல் படம் விழும்போது, மேல் பக்கத்தை அட்டையால் மறைத்துவிட்டு, வெளிச்சம் அடித்த கீழ்ப் பக்கத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தால் அந்த இடம் கறுத்துவிடுமாம். அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி நின்றாலும் கோடு விழுந்துவிடும். பதினேழு பேப்பர் பாழாகி, பதினெட்டாவதில்தான் வானம் ஒரே கறுப்பாய் வந்தது.

அந்தப் பதினேழையும் பார்த்தவன் நான். ரெண்டு நாள் பயல் ஒழுங்காய்ச் சோறு தின்னவில்லை. அந்தக் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

துரை மலையாளி. அவருக்கும் விஷயம் பிடித்துவிட்டது. “கொள்ளாம்! பிலிம் கொண்டு வா. பாத்திட்டு பிரைஸ் தராம்.”

சின்னமுத்துவின் முகம் சுண்டிப்போனது. சந்தனத்தை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான்.

“பிலிம் தொலைஞ்சு போச்சுங்க, துரை.”

“பாத்தீங்களா! நான் சொன்னேன்ல!” சந்தனம் துள்ளிக் குதித்தான். படத்தை அவனே ஆணியிலிருந்து கழற்றி, சின்னமுத்துவின் கையில் திணித்தான்.

பரிசும் வேலையும் வேறு யாரோ எடுத்த நாய்ப் படத்துக்குப் போயின.

ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததுமே அவனைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏலே, பிலிம் இந்த டிராயர்லதான கெடக்கு? காலையில நானே பாத்தேன்லே! மூணு வருசம் அலைஞ்ச வேலை வாசல் வரைக்கும் வந்துச்சு, தொரத்தி விட்டுட்டு வந்து நிக்கியே. கிறுக்கா புடிச்சிருக்கு?”

அவன் டிராயரைத் திறந்து பிலிமை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். பிலிமில் எல்லாமே மாற்றித்தான் தெரியும், வெளிச்சம் இருக்கிற இடம் கறுப்பாய். பாக்டரிப் பக்கம் பெரிய கறுப்புப் படலம். அதைத் தாண்டி, தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தின் கோடியில் தனியாய் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம்.

“இது என்னலே? லயத்துலதான் கரண்டே கெடையாதே?”

“கடைசி வீட்டு ஜன்னல் அண்ணாச்சி. சாக்கு கட்டி மறைச்சிருக்காக, நம்ம கண்ணுக்குத் தெரியாது. கேமரா அரை நிமிசம் தொறந்து கெடந்துச்சுல்லா, அது பாத்துட்டுது. பாக்டரி வெளிச்சத்தைப் பத்துப் பேப்பர்லயே எடுத்துட்டேன். மிச்சம் ஏழும் இந்த ஜன்னலை மறைக்கத்தான் போச்சு.”

“யாரு வீடு அது?”

“சந்தனம் வீடுதான் அண்ணாச்சி. பாக்டரியில இருந்து ஒயரு இழுத்திருக்காரு. துரைக்குத் தெரிஞ்சா அன்னைக்கே ஒயரைப் புடுங்கிருவாரு.”

நான் பிலிமுக்குக் கையை நீட்டினேன்.

“திருட்டுக் கரண்டு! அந்தப் பயலா உன்னையக் களவாணின்னான்? பிலிமைக் குடுலே. இப்பமே துரை மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டு வாரேன்!”

வாங்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டேன். சின்னமுத்து ஓடிவந்து என் கையிலிருந்து பிலிமைப் பிடுங்கினான். அவனுக்கு அப்படி ஒரு கோபம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“முந்தாநாள் அந்த வீட்டுக்குப் போனேன் அண்ணாச்சி. அவரு டியூட்டியில இருந்தாரு, அவரு சம்சாரம் வேலுத்தாய் அக்காதான் கதவைத் தொறந்தாக. ஏழாம் மாசத்துல பொறந்த பிள்ளை இந்தக் குளுருல எப்படிப் பொழைச்சுக் கெடக்குன்னு ஊரே பேசுதுல்லா? தேயிலைப் பெட்டியில பஞ்சைப் போட்டு, அந்த பல்புச் சூட்டுலதான் படுக்க வச்சிருக்காக.”